தானாக ஓடிய எங்கள் கார்

மகள் இருக்கும் வெளிநாட்டு ஊரில் ஆள் இல்லாத கார்கள் ஓடுகின்றன. நான் அங்கே போய்த் தங்கியிருந்தபோது, அவற்றை எப்படி அடையாளம் காண்பது என்று அவள்தான் சொல்லிக்கொடுத்தாள். "மேல ஒரு டப்பா சுத்திட்டே இருக்கும் பாரும்மா. அது இருந்தா தானா ஓடுற வண்டி."

எனக்கு அந்த டப்பா தேவைப்படவில்லை. எந்த வண்டி வந்தாலும் நான் முதலில் பார்ப்பது ஓட்டுகிறவரின் முகத்தைத்தான். திருச்சி சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ரோட்டைக் கடந்து பழகிய யாரும் அப்படித்தான் பார்ப்பார்கள். வருகிற டிரைவரின் கண்ணை ஒரு நொடி பிடித்துக்கொண்டு, உள்ளங்கையைக் காட்டியபடியே இறங்கிவிட வேண்டும். அவர் திட்டுவார், ஆனால் நிறுத்திவிடுவார். நம்மைப் பார்த்துவிட்டார் என்பது தெரிந்தால் போதும். அந்த ஊரிலும் ஒருநாள் அதே பழக்கத்தில் கையைக் காட்டிக்கொண்டு இறங்கிவிட்டேன். பிடிப்பதற்குக் கண் இல்லை. ஓட்டுகிற சீட் காலி. ஸ்டியரிங் மட்டும் லேசாக அசைந்தது. கார் நின்றது. நான் என் முட்டி வலியோடு மல்லுக்கட்டிக்கொண்டு எதிர்ப்பக்கம் போய்ச் சேரும்வரை ஹாரன் அடிக்காமல் நின்றது. நடைபாதையில் ஏறியதும் நான் திரும்பி அதற்குத் தலையாட்டினேன்.

"யாருக்கும்மா தலையாட்டுற?" என்று மகள் சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் காரின் பின் சீட்டில் ஒரு பெண் இருந்தாள். என் வயதுதான் இருக்கும். தலையை ஒருபக்கம் சாய்த்து, வாயைத் திறந்துகொண்டு தூங்கினாள். கார் நின்றதும் அவளுக்குத் தெரியாது, கிளம்பியதும் தெரியாது. எனக்கு அவள்மேல் அப்பட்டமான பொறாமை வந்தது. நான் காரில் தூங்கிப் பல வருஷம் ஆகியிருந்தது.

எங்கள் வீட்டில் கார் ஓட்டுகிறவர் என் கணவர். எனக்கு ஓட்டத் தெரியாது. இவருக்குக் கண்ணில் பிரஷர் என்று டாக்டர் கண்டுபிடிப்பதற்குள் கொஞ்சம் பார்வை போய்விட்டது. நேராகப் பார்ப்பதில் ஒரு குறையும் இல்லை. மாத்திரை அட்டையில் இருக்கும் பொடி எழுத்தை எனக்குப் படித்துச் சொல்வதே இவர்தான். பக்கவாட்டில்தான் இல்லை. இரண்டு பக்கமும் கதவைப் பாதி சாத்திவிட்டு நடுவில் பார்ப்பதுபோல என்று டாக்டர் என்னிடம் விளக்கினார். இவரிடம், "டிரைவிங்கக் கொறச்சுக்கங்க சார்" என்று மட்டும் சொன்னார். நிறுத்துங்கள் என்று சொல்லியிருக்கலாம். மரியாதைக்காக ஒரு வார்த்தையை மாற்றிச் சொன்னார், அதை இவர் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். சென்னைக்கும் மதுரைக்கும் ஓட்டிக்கொண்டு போவதை நிறுத்தினார். முசிறியை மட்டும் வைத்துக்கொண்டார்.

முசிறியில் இவருடைய அப்பா விட்டுப்போன வாழைக் கொல்லை இருக்கிறது. குத்தகைக்கு விட்டாயிற்று. அங்கே இவருக்கு ஒரு வேலையும் கிடையாது. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் ஸ்ரீரங்கத்திலிருந்து கிளம்பிவிட வேண்டும். கொல்லையில் இறங்கி, தார் தள்ளியிருக்கிறதா, காற்றுக்கு எத்தனை சாய்ந்தது என்று ஒரு சுற்று பார்த்துவிட்டு, குத்தகைக்காரர் கொடுக்கும் டீயைக் குடித்துவிட்டுத் திரும்ப வேண்டும். "பஸ்ல போனா என்ன?" என்று கேட்டால், "பஸ்ல போறவன் கொல்லைக்காரனா?" என்பார். அந்த ஒரு நாளுக்காகத்தான் மற்ற ஆறு நாளும் இருக்கிறார் என்று எனக்கும் தெரியும். அதனால் நானும் கூடப் போனேன்.

கூடப் போனேன் என்பது சும்மா சொல்வது. நான் வேலைக்குப் போனேன். இடது சீட்டில் உட்கார்ந்தால் வீடு திரும்பும்வரை என் கண் ரோட்டை விட்டு அகலக் கூடாது. ஆரம்பத்தில் முழுசாகத்தான் சொன்னேன். "ஏங்க, இடது பக்கம் ஒரு அம்மா கடக்கப் பாக்குறாங்க, கொஞ்சம் மெதுவாப் போங்க." அவ்வளவு சொல்லி முடிப்பதற்குள் அந்த அம்மாவைத் தாண்டிவிட்டோம். போகப்போக வாக்கியங்கள் தேய்ந்தன. "எடது சைக்கிள்." "வலது பஸ்ஸு, ஏறி வருது." "நாய்." "எடது, எடது." இவர் ஒவ்வொன்றுக்கும் "ம்" என்பார். கேட்ட "ம்"மா, பார்த்த "ம்"மா என்று எனக்குத் தெரியாது. என் காலுக்குக் கீழே இருந்த கால்மிதியில் வலது குதிகால் படும் இடம் ஓட்டையாகிவிட்டது. அங்கே பிரேக் இல்லை என்று என் காலுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை.

வீடு திரும்பினால் எனக்குக் கழுத்து வலிக்கும், தாடை வலிக்கும். இவர் குளித்துவிட்டு உற்சாகமாகச் சாப்பிடுவார். "நீ என்ன ஓட்டினியா, இவ்வளவு அசந்துபோற?" என்று ஒருமுறை கேட்டார். நான் போய்ப் படுத்துக்கொண்டேன்.

மகள் ஊரிலிருந்து நான் திரும்பி வந்தபின் எனக்கு ஒரு விளையாட்டுப் பிடித்துக்கொண்டது. நம் ரோட்டிலும் தானாக ஓடும் கார்களைத் தேட ஆரம்பித்தேன். நம் ஊரில் எங்கே இருக்கிறது என்பீர்கள். ஏகப்பட்டது இருக்கிறது, மேலே டப்பாதான் இல்லை. காரைப் பார்க்கக் கூடாது. உள்ளே இருப்பவர்கள் எங்கே பார்க்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். டோல்கேட் முனையில் ஒருவர் போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, இரண்டு கையாலும் சில்லறை தேடிக்கொண்டு திரும்பினார். அது தானாக ஓடும் கார். திருவானைக்காவல் பாலத்தடியில் ஒருவர் முழுசாகப் பின்னால் திரும்பிக் குழந்தைக்கு முறுக்கு கொடுத்தார். அதுவும். வாழைத்தார் ஏற்றிய லாரிக்காரர் பக்கத்தில் இருந்தவரிடம் எதையோ கையால் அளந்து காட்டினார், இரண்டு கையாலும். அது தானாக ஓடும் லாரி. பெருமாள் கிருபையில் எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தன.

"அதோ பாருங்க, இன்னொண்ணு தானா ஓடுது" என்று இவரிடம் காட்டுவேன்.

"எங்க?" என்பார். அது பக்கத்தில்தான் போய்க்கொண்டிருக்கும்.

மகளிடம் போனில் இதையெல்லாம் சிரிப்பாகத்தான் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. அப்பா ஓட்டவே கூடாது என்றாள். அப்பா கேட்க மாட்டார் என்றேன். கடைசியில் அப்பாவும் மகளும் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். பழைய காரைக் கொடுத்துவிட்டுப் புது கார். முன்னால் ஏதாவது வந்தால் தானே கத்தும், நாம் கவனிக்காவிட்டால் தானே பிரேக் போடும், ரோட்டில் போட்ட கோட்டை விட்டு விலகினால் ஸ்டியரிங்கைத் தானே இழுத்துவிடும். "முழுசாத் தானா ஓடாதும்மா. ஆனா பாத்துக்கிட்டே இருக்கும். இனிமே நீ கத்த வேணாம், அதுவே கத்தும்" என்றாள் மகள்.

கத்தியது. புது காரில் முதல் ஞாயிற்றுக்கிழமை, குணசீலத்துக்குக் கொஞ்சம் முன்னால், சந்திலிருந்து ஒருவர் மொபெட்டில் விருட்டென்று குறுக்கே வந்தார். நான் "எடது" என்று வாயைத் திறப்பதற்குள் கார் கீச்கீச்சென்று அலறி, முன்னால் சிவப்பாக எதையோ காட்டி, தானே அழுத்திப் பிடித்து நின்றது. மொபெட்காரர் திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டார். இவருக்குக் கோபம். "நானே போட்டிருப்பேன் பிரேக்கு. இது எதுக்கு நடுவுல?" என்றார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இத்தனை வருஷமாக நான் ஒருத்தியாகப் பார்த்துக்கொண்டிருந்ததை இன்னொன்றும் பார்க்கிறது. எனக்கு முந்திப் பார்க்கிறது. வேலைக்கு ஆள் கிடைத்த மாதிரி இருந்தது.

அன்றிலிருந்து நான் சொல்வதைக் குறைத்துக்கொண்டேன். முதலில் நாய்களை விட்டேன். அப்புறம் சைக்கிள்களை. கார் கத்தும் இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டேன். நான் நிறுத்தியதை இவரிடம் சொல்லவில்லை. சொன்னால், "அப்ப இவ்வளவு நாள் நீ கத்துனதெல்லாம் எதுக்கு?" என்று ஆரம்பிப்பார். இவரும் என் வாய் ஓய்ந்ததைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. நிம்மதி என்று நினைத்திருப்பார்.

பழைய காரில் இவர் முன் கண்ணாடியின் உச்சியில், நட்ட நடுவில், சங்கு சக்கரத்தோடு திருநாமம் ஒட்டியிருந்தார். ராஜகோபுரத்துக்கு எதிரே உள்ள கடையில் வாங்கிய ஸ்டிக்கர். புது காருக்கு அதே மாதிரி, அதே அளவில் வேண்டும் என்று தேடினார். இரண்டு தடவை போய் ஸ்டாக் இல்லை என்று திரும்பி வந்தார். ஒருவழியாகக் கிடைத்ததும் ஏகாதசி வரும்வரை பூஜை அறையில் வைத்திருந்தார். அன்றைக்குக் குளித்து, ஈர வேட்டியோடு கீழே இறங்கி, கண்ணாடியைத் துடைத்து ஒட்டினார். உள்பக்கம் கண்ணாடி உச்சியில் ஏதோ கறுப்பு மூடி அடைத்துக்கொண்டிருந்தது. அதனால் வெளிப்பக்கமாக, அந்த மூடிக்கு நேர் எதிரே ஒட்டினார். "ஓரமா ஒட்டலாமே" என்றேன், அழகு பார்த்து. "பெருமாள் ஓரமாவா இருப்பார்?" என்றார். அதுவும் சரிதான் என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு கார் கத்துவது நின்றுவிட்டது.

ஒரு ஞாயிறு சத்தமே இல்லாமல் முசிறி போய் வந்தோம். அடுத்த ஞாயிறும் அப்படியே. எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. இவர் முன்பைவிட நன்றாக ஓட்டுகிறார் போலிருக்கிறது, காருக்குக் கத்த வேலை இல்லை என்று நினைத்தேன். புது கார்மேல் இவருக்கு இருந்த பாசத்தைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றியது. கிளம்புவதற்கு முன் ஒவ்வொரு தடவையும் ஒரு துணியை எடுத்துக்கொண்டு காரின் பின்னால் போய், டிக்கி பக்கத்தில் குனிந்து எதையோ சுற்றிச் சுற்றித் துடைத்தார். பழைய காரை இப்படித் துடைத்து நான் பார்த்ததில்லை. மனிதர் மாறிவிட்டார் என்று நினைத்தேன்.

வாய் ஓய்ந்ததற்கு அப்புறம் கண்ணும் ஓய்ந்தது. வாத்தலைக்கு அப்பால் ஒருபக்கம் ஆறு, ஒருபக்கம் வாழை. ஏசிக் காற்று முகத்தில் பட்டால் இமை தானாக இறங்கும். முதலில் ஒரு நிமிஷம், திடுக்கென்று விழித்துக்கொள்வேன். ஒன்றும் ஆகியிருக்காது. அடுத்த வாரம் இன்னும் கொஞ்சம். மகள் ஊர்க்காரில் பார்த்த அந்தப் பெண் என் நினைவுக்கு வந்தாள். அவளுக்குக் கிடைத்தது எனக்கும் கிடைத்துவிட்டது என்று நான் நினைத்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை முசிறியிலிருந்து திரும்பும்போது நான் தூங்கிவிட்டேன். கண் அசந்தது இல்லை, தூக்கம். டமார் என்று என் காதருகே சத்தம் கேட்டு விழித்தேன். என் பக்கத்துக் கண்ணாடி மடங்கிக் கதவோடு ஒட்டிக் கிடந்தது. கார் தள்ளிப் போய் நின்றது. திரும்பிப் பார்த்தால் ரோட்டோரம் முழுக்க வாழையிலை. நடுவில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள்.

இறங்கி ஓடினேன். அவள் தலையில் இலைக்கட்டு வைத்துக்கொண்டு நடந்து போயிருக்கிறாள். பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருந்த கட்டின் நுனியில் எங்கள் கண்ணாடி பட்டிருக்கிறது. கட்டு சுழன்று விழுந்ததில் அவளும் உட்கார்ந்துவிட்டாள். உள்ளங்கையில் தோல் உரிந்திருந்தது. வேறு அடி இல்லை. ஒரு முழம் இந்தப் பக்கம் நடந்திருந்தால் கண்ணாடி பட்டிருக்கும் இடம் வேறு. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று கெஞ்சினேன், அதெல்லாம் வேண்டாம் என்றாள். பாட்டில் தண்ணீரை வாங்கிக் கையைக் கழுவினாள். இவர் ரோட்டில் குனிந்து குனிந்து இலைகளைப் பொறுக்கி அடுக்கினார். இலைக்கு உண்டானதைக் கொடுத்தோம், அவள் வாங்கிக்கொண்டாள். ஆனால் அவள் முகம் தெளியவில்லை. என்னையும் இவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ரெண்டு பேரு உக்காந்துதானே வந்தீங்க?" என்றாள். "ஒருத்தர் கூடவா பாக்கல?"

அவள் திட்டியிருந்தால் தேவலை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்ட மாதிரி இருந்தது.

அங்கிருந்து வீடுவரை நான் பழையபடி எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டு வந்தேன். நின்ற மாட்டைக்கூட விடவில்லை. இவர் ஊர்ந்து ஓட்டினார். எனக்குக் கார் மேல்தான் கோபம். மொபெட்டுக்குக் கத்தியது, மனுஷிக்கு ஏன் கத்தவில்லை?

மறுநாளே தஞ்சாவூர் ரோட்டில், துவாக்குடி போகும் வழியில் இருக்கும் சர்வீஸ் சென்டருக்குப் போனோம். அங்கே யூனிஃபார்ம் போட்ட ஒரு பெண் வந்தாள். நான் நடந்ததைச் சொன்னேன். அவள் காரின் கதவைக்கூடத் திறக்கவில்லை. முன்னால் வந்து நின்று கண்ணாடியைப் பார்த்தாள்.

"மேடம், கேமரா மேலயே ஸ்டிக்கர் இருக்கே" என்றாள். "எவ்வளவு நாளா இருக்கு?"

எங்கள் இருவருக்கும் புரியவில்லை. அவள் விரலை வைத்துக் காட்டினாள். அந்தக் கறுப்பு மூடிக்குள்தான் காரின் கண் இருக்கிறதாம். அது கண்ணாடி வழியாக ரோட்டைப் பார்த்துத்தான் கத்துகிறதாம், பிரேக் பிடிக்கிறதாம். இவர் பெருமாளைக் கொண்டுபோய் அதன் கண்ணுக்கு நேரே நிறுத்திவிட்டார். ஏகாதசி அன்றிலிருந்து கார் குருடு.

"உள்ள மஞ்சள் லைட்டு எரிஞ்சிருக்குமே சார்? கேமரா மறைஞ்சிருக்குன்னு எழுத்தே வருமே, பாக்கலியா?"

"பாத்தேம்மா" என்றார் இவர். "தொடச்சேனே. ஒவ்வொரு தடவையும் கிளம்புறதுக்கு முன்னாடி தொடச்சேன்."

பின்னால் ரிவர்ஸ் எடுக்க உதவும் கேமராவைத்தான் இத்தனை நாளும் துடைத்திருக்கிறார். இவருக்குத் தெரிந்த கேமரா அது ஒன்றுதான். அந்தப் பெண் உதட்டைக் கடித்துக்கொண்டு சிரிப்பை அடக்கினாள். வேறொரு நாளாக இருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

"தொடச்சும் லைட்டு போகலியே, ஏங்க எங்கிட்ட சொல்லல?" என்றேன். என் குரல் உயர்ந்துவிட்டது, பக்கத்தில் நின்றவர்கள் திரும்பினார்கள். "அது பாத்துக்குதுன்னுதானே நான் சும்மா இருந்தேன்!"

இவர் என்னைக் குழப்பமாகப் பார்த்தார். "அது கத்தலேன்னா நல்லதுதான்னு விட்டுட்டேன். நீ பாத்துட்டுதானே வர? நேத்திக்கும் நீ ஒண்ணும் சொல்லல. சொல்லலேன்னா ரோட்டுல ஒண்ணும் இல்லேன்னுதானே அர்த்தம்? எனக்கு இவ்வளவு வருஷமா அப்படித்தானே."

"நான் தூங்கிட்டேங்க" என்றேன்.

"எப்ப?"

"நேத்திக்கு. முசிறி தாண்டினதுலேருந்து தூங்கிட்டேன்."

ஒரு கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் நான் தலை சாய்ந்து தூங்கிக்கொண்டு வந்திருக்கிறேன். அது இவர் கண்ணில் படவில்லை. பட முடியாது. டாக்டர் பாதி சாத்திய கதவு என்று சொன்னது இத்தனை நாளும் எனக்கு ரோட்டைப் பற்றிய பேச்சாகத்தான் இருந்தது. அந்தக் கதவுக்குப் பின்னால் முதலில் மறைந்துபோனவள் நான்தான் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அவருக்கும் அது அங்கே நின்றபோதுதான் தெரிந்தது என்று நினைக்கிறேன். முகம் அப்படி இருந்தது.

கார் பார்க்கிறது என்று நான் இருந்தேன். நான் பார்க்கிறேன் என்று இவர் இருந்தார். ஓட்டுகிறவர் பார்க்கிறார் என்று கார் ஓடியது. திருச்சி ரோட்டில் இத்தனை நாளும் தானாக ஓடும் கார்களைத் தேடிக்கொண்டிருந்தேனே, நிஜமாகத் தானாக ஓடிய கார் ஒன்று உண்டென்றால் அது எங்களுடையதுதான். வெளியே நின்று உள்ளே இருப்பவர்கள் எங்கே பார்க்கிறார்கள் என்று பார்த்திருந்தால் எனக்கு உடனே தெரிந்திருக்கும். நான் உள்ளே இருந்தேன்.

அந்தப் பெண் ஸ்டிக்கரைச் சுரண்டுவதற்கு பிளேடு எடுத்து வந்தாள். இவர் தடுத்துவிட்டார். "பிளேடெல்லாம் வைக்காதீங்கம்மா, நானே எடுக்குறேன்." கைக்குட்டையைத் தண்ணீரில் நனைத்து, நகத்தால் ஓரத்தைக் கிளப்பி, மெதுவாக உரித்தார். அப்படியும் நடுவில் கிழிந்துவிட்டது. கிழிந்ததை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார், கொள்ளிடத்தில் விட்டுவிடுவதற்கு. அவள் வண்டியை ஸ்டார்ட் செய்து பார்த்தாள். மஞ்சள் விளக்கு அணைந்திருந்தது.

"இப்ப ஓகே சார், நல்லாப் பாக்கும். ஆனா இது ஒரு ஹெல்ப்புதான். ஓட்டுறவங்கதான் பாத்து ஓட்டணும்" என்றாள். எல்லோருக்கும் சொல்வதைத்தான் சொன்னாள்.

மடங்கிய கண்ணாடியை மாற்றக் காரை அங்கேயே விடச் சொன்னார்கள், இரண்டு நாளில் வந்து எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். ஒரு சாவியை அவர்களிடம் கொடுத்தாயிற்று, இவரிடம் இருந்தது இன்னொரு சாவி. வெளியே பஸ் ஸ்டாப்புக்கு நடந்து வந்ததும் அதைப் பையிலிருந்து எடுத்து என்னிடம் நீட்டினார்.

"எனக்குத்தான் ஓட்டத் தெரியாதே" என்றேன்.

"தெரியும். வச்சுக்க" என்றார்.

நான் வாங்கி என் கைப்பையில் போட்டுக்கொண்டேன். இவர் குரல் எப்போதும் போலத்தான் இருந்தது, அதனால்தான் எனக்குத் தாங்கவில்லை. இவர் ஓட்டுவதை நிறுத்த வேண்டும் என்று நான் எத்தனை சண்டை போட்டிருக்கிறேன், எத்தனை நாள் பேசாமல் இருந்திருக்கிறேன். கிடைத்தபோது சந்தோஷமாக இல்லை. களைப்பாகத்தான் இருந்தது. துவாக்குடியிலிருந்து வந்த பஸ்ஸில் ஏறினோம். ஜன்னலோரம் உட்கார்ந்து ஊர் வரும்வரை இவர் வெளியே பார்த்துக்கொண்டே வந்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆக்டிங் டிரைவர் ஒருவரை வரச் சொன்னோம். சொந்தக் கார் வைத்துக்கொண்டு ஓட்ட ஆள் இல்லாதவர்களுக்கு நாள் கணக்கில் வந்து ஓட்டிக் கொடுப்பவர். நாற்பது வயது இருக்கும், அதிகம் பேசாதவர். வந்ததும் சீட்டை முன்னால் இழுத்துத் தனக்குச் சரிசெய்துகொண்டார். அந்தச் சீட் நகர்ந்ததை இவர் நின்று பார்த்தார். பிறகு இந்தப் பக்கம் சுற்றி வந்து, என் இடத்தில் ஏறி உட்கார்ந்தார். நான் பின்னால் ஏறினேன்.

பின் சீட்டிலிருந்து ரோடு வேறு மாதிரி இருந்தது. ஆனால் என் வாய்க்கு அது தெரியவில்லை. திருவானைக்காவல் திருப்பத்தில், "எடது ஆட்டோ" என்றது.

"பாத்துட்டேம்மா" என்றார் டிரைவர்.

இத்தனை வருஷத்தில் எனக்கு "ம்" கிடைத்திருக்கிறது, "தெரியும்" கிடைத்திருக்கிறது, "கத்தாதே" கிடைத்திருக்கிறது. பார்த்துவிட்டேன் என்று யாரும் சொன்னதில்லை. நிஜம்தானா என்று சோதித்துப் பார்க்க வேண்டும்போல இருந்தது.

"வலது பக்கம் ஒரு சைக்கிள்" என்றேன்.

"பாத்துட்டேம்மா. அந்தப் பக்கம் பஸ்ஸும் வருது, போகட்டும்."

பஸ் போனது. முன் சீட்டில் இவருடைய வலது கால் கால்மிதியை அழுத்திக்கொண்டிருந்தது. அப்புறம் இவர் திரும்பினார். கண்ணை மட்டும் ஓட்டினால் போதாது என்று இப்போது தெரிந்துகொண்டவரைப்போல, கழுத்தைத் திருப்பி, தோளைத் திருப்பி, சீட் பெல்ட் இழுக்க இழுக்க உடம்பை முழுக்கத் திருப்பி, நான் நேர் எதிரே வரும்வரை திரும்பி என்னைப் பார்த்தார்.

"அவர் பாத்துக்குறார்" என்றார். "நீ தூங்கு."

கொள்ளிடப் பாலம் எப்போது வந்தது என்று எனக்குத் தெரியாது.